உனக்குக் காது கேட்குமா என்று பயந்த நாட்கள்

இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரியவனாக இருக்கப்போகும் என் மகனுக்கு,

உனக்கு இப்போது ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும், ஒரு வேலை இருக்கும், கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். இதை எழுதுகிற பெண்ணைவிட உனக்கு வயது கூடுதலாகவே இருக்கும். அதனால் அம்மா புத்தி சொல்கிறாள் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நம் தெருவில் வாழ வந்த ஒரு பெண், தனக்கு நடந்ததை எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்துப் படி. நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். எனக்கு வாயில் பேச்சு வராது. எட்டாவது படிக்கும்போது டீச்சர் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால், எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் தொண்டையைவிட்டு வெளியே வராது. பக்கத்தில் இருப்பவள் எனக்காக வாசிப்பாள். ஆனால் எழுதச் சொன்னால் தாள் கேட்டு வாங்கி எழுதுவேன். அந்த வருஷமே தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். வாசிக்கும் தொல்லை விட்டது என்று அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், தெருவில் உனக்கு வைத்திருக்கும் பெயர். நீ அறிந்துகொள்வதற்கு முன்பே உனக்குச் 'செவுடன்' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. விளையாட்டாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் ஆரணியில் நம் தெருவில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் உதிராது. மூன்றாவது வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது எருக்குழியில் விழுந்தாராம். பேரன் எடுத்த பிறகும் அவரை எருக்குழி என்றுதான் சொல்கிறார்கள். அதுபோல உன்னையும் யாராவது கூப்பிட்டு, ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கதையும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வதில் சிரிப்பு மட்டும்தான் இருக்கும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது அதில் இருக்காது. அதனால் நீ இதை முதலில் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். என்னால் போக முடியவில்லை. நான் உன்னை வயிற்றில் சுமந்தபோது என் அம்மாவும் சுமந்துகொண்டிருந்தார். அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, நான்தான் மூத்தவள். மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்த பிறகு இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு வெளியிலேயே தலைகாட்டவில்லை. விஷயம் தெரிந்ததும் உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, தறிக்கான நூல்தார் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னாடி இது, உனக்கு உங்கம்மா வந்து வளையல் போடறதா, உங்கம்மாவுக்கு நீ போய் வளையல் போடறதா? மொதல்ல அத சொல்லு. நான் ஒரு தபா கடைக்குப் போய் ரெண்டு பேருக்குமா வாங்கியாந்துடறேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை எதைச் சொன்னாலும் நான் தலையைத்தான் குனிவேன்.

தெள்ளாருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஆரணி ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய். உனக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன்களில் கடைக்குட்டி, அங்கே ஏணைத் தொட்டிலில் கிடந்து கைசூப்பிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேராக இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம்.

நீ வளர்ந்த பிறகு இந்த வீடு எப்படி மாறியிருக்குமோ தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரே நீளக் கூடம். அதில் மூன்று குழித்தறி. ஒன்றில் உன் அப்பா, ஒன்றில் உன் தாத்தா, இன்னொன்றில் கூலிக்கு நெய்ய வரும் ஒருவர். மூவரும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் சாப்பிட எழுவார்கள், அதனால் பகலில் ஒரு தறியாவது ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீட்டில் மூன்றும் நின்றாலும் பக்கத்து வீட்டில் ஓடும், எதிர்வீட்டில் ஓடும். தெரு முழுக்க அதே சத்தம். நான் வாழ வந்த புதிதில் தலைவலி வந்து படுத்தேன். பிறகு எப்போது பழகியது என்று தெரியாமலே பழகிவிட்டது. வெளியூரிலிருந்து யாராவது வந்து, "இந்தச் சத்தத்துல எப்பிடி கீறீங்க?" என்று கேட்டால், எந்தச் சத்தம் என்று நாங்கள் ஒரு நிமிஷம் யோசிப்போம். இதை நினைவில் வைத்துக்கொள். எங்கள் எல்லோருடைய முட்டாள்தனமும் இதில்தான் இருந்தது.

கூடத்தின் நடு உத்திரத்தில் என் பழைய புடவையை ஏணையாகக் கட்டி உன்னைப் போட்டார்கள். நீ பிறந்த முதல் மாதம் முழுக்கத் தூங்கினாய். கை இரண்டையும் முறுக்கி மூடிக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் தூங்கினாய். விரலை விரித்துக் குளிப்பாட்டினால் உள்ளங்கையில் நூல் திரி இருக்கும். எங்கிருந்துதான் பிடித்தாயோ. தூக்கத்தில் உதட்டைக் கோணிச் சிரிப்பாய், உடனே அழுவதுபோல் சுளிப்பாய். நரி வந்து விரட்டுகிறது என்று அத்தை சொல்வார். கண்ணைத் திறந்தால் எதையும் பார்க்காத ஒரு பார்வை. வந்து பார்த்தவர்கள் எல்லாம், "இவ்ளோ தறி ஓடுது, புள்ள எப்பிடி தூங்கறான் பாரு" என்று ஆச்சரியப்பட்டார்கள். அத்தைக்கு அதில் பெருமை. "நெசவுக்காரன் வூட்டுப் புள்ள பின்ன எப்பிடி இருக்கும்" என்பார்.

இரண்டு நேரத்தில்தான் நீ அழுவாய். ஒன்று, நெசவு முடிந்து விளக்கு வைக்கும் நேரம். இன்னொன்று, அமாவாசை. அமாவாசையன்று நம் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். கூடத்தைக் கழுவிவிட்டு, தறிக்குச் சூடம் காட்டிவிட்டு, ஆண்கள் சினிமாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விடுவார்கள். அன்று நீ காலையிலிருந்து கத்துவாய். பால் கொடுத்தாலும் அடங்கமாட்டாய். "அமாவாசன்னா சின்னப் புள்ளைங்களுக்கு ஆவாது. காத்து கருப்பு ஒலாத்துற நாளு" என்று அத்தை விபூதி பூசி, வேப்பிலையை ஏணையில் செருகுவார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அந்தி நேரமும் அமாவாசையும் குழந்தைகளுக்கு ஆகாது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள்.

இரண்டாவது மாதத்தில் உன் பார்வைக்கு ஒரு இடம் கிடைத்தது. பால் குடிக்கும்போது என் நெற்றிப்பொட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். முகம் அசைந்தால் பொட்டோடு சேர்ந்து உன் கண்ணும் வரும். சில நாள் கழித்துப் பொட்டிலிருந்து இறங்கி என் கண்ணுக்கு வந்தாய். ஒரு நாள் மத்தியானம், நீ என்னைப் பார்த்தே சிரித்தாய். அது நரி விரட்டிய சிரிப்பு இல்லை. பால் வழிந்துகொண்டிருந்த வாயோடு, என் முகத்தைத் தெரிந்துகொண்டு சிரித்தாய். நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையாவது பார்த்துச் சிரிக்கிறாயோ என்று. யாரும் இல்லை. என்னைப் பார்த்து அப்படி முகம் மலர்ந்தவர்கள் அதற்கு முன் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லா அம்மாக்களும் அப்போது ஏதாவது சொல்வார்கள். "என் ராஜா, என் தங்கம்" என்று கொஞ்சுவார்கள். கூடத்தில் மாமனார் இருக்கிறார், கூலிக்கு வந்தவர் இருக்கிறார், ராட்டையில் அத்தை இருக்கிறார். அவர்கள் எதிரில் குரலெடுத்துக் கொஞ்ச எனக்குக் கூச்சம். அதனால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். நீயும் உதட்டைக் குவித்து ஏதோ சொல்வாய். தறிச்சத்தத்தில் எனக்குக் கேட்காது. உன் நெஞ்சு ஏறி இறங்குவதையும் கால் உதைப்பதையும் வைத்துத்தான் நீ பேசுகிறாய் என்று தெரிந்துகொள்வேன். இப்படி நாம் இருவரும் சத்தமே இல்லாமல் நிறையப் பேசினோம். அது நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாவது மாதம் முடியும்போது உன் கழுத்து ஓரளவு நின்றுவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவாசி போய், அங்கே பஸ் மாறி, அம்மா வீட்டுக்குப் போனேன். கடலைக் கொல்லைக்கு நடுவில் தனி வீடு. போன முதல் நாளே நீ அழ ஆரம்பித்தாய், விடாமல் அழுதாய். இடம் புதிது, சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார். நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு குழந்தைக்குப் பால் கொடுத்தோம். "யாராச்சும் வந்தா நான் உள்ள போயிடறேன், எனக்கு மானம் போவுது" என்று அம்மா சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம்.

என் தம்பிக்கு, உன் மாமனுக்கு, அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. குப்புறக் கவிழ்ந்துகொள்வான். கையில் கிடைப்பதைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வான். 'டேய்' என்றால் டக்கென்று திரும்புவான். நீ அழுது ஓய்ந்த ஒரு நேரம், நீங்கள் இருவரும் ஒரே பாயில் கிடந்தபோது அம்மாவின் கையிலிருந்து தட்டு தவறிக் கீழே விழுந்தது. என் தம்பி உதறிக்கொண்டு அழுதான். நீ ஓலை இடுக்கில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். அம்மா உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன் தலைமாட்டில் வந்து கைதட்டினார். இன்னொரு முறை தட்டினார். இரண்டு முறையும் என் தம்பிதான் திரும்பினான். உனக்கும் சேர்த்து அவனே திரும்பினான்.

"ஏண்டி, இவன் ஏன் திரும்ப மாட்டேங்கறான்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். ஐந்து மாதத்துக் குழந்தை செய்வதை மூன்று மாதத்துக் குழந்தை செய்யாது என்பதும், தறிக்கு நடுவில் வளர்ந்தவனுக்குத் தட்டுச்சத்தம் ஒரு சத்தமே இல்லை என்பதும், ஏழு பெற்ற அவருக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் யாருக்கும் தோன்றாது. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காதே. உன்னிடம் கேட்டுக்கொள்வதில் இது ஒன்று.

ஆரணிக்குத் திரும்பியதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒரு கிலுகிலுப்பை வாங்கினேன். அத்தை பின்கட்டுக்குப் போகும் சமயம் பார்த்து ஏணைக்குப் பின்னால் நின்று ஆட்டுவேன். நீ திரும்பமாட்டாய். வலப்பக்கம் ஆட்டுவேன், இடப்பக்கம் ஆட்டுவேன். முகத்துக்கு நேரே வந்தால் சிரிப்பாய், பின்னால் போனால் உனக்கு நான் இல்லை. கிலுகிலுப்பையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்கட்டுக்குப் போய் நிற்பேன். ஒரு நாள் அத்தை பார்த்துவிட்டார். கிலுகிலுப்பையை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை எடுத்துவந்து கரண்டியால் அடித்தார். நீ ஏணைக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

அதன் பிறகு தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து சோதித்துப் பார்த்தார்கள். தபால்காரர் சைக்கிள் பெல்லை அடித்தார். ஒரு பையன் தகரத்தைத் தட்டினான். உன் அப்பா போய் ஒரு ஊதலை வாங்கிவந்து ஊதினார், நீ சிரித்தாய், அவர் கன்னம் உப்பியதைப் பார்த்து. அவர் ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார். அன்று நெய்ததைப் பாதி அவிழ்க்க வேண்டியிருந்தது. உன் தாத்தா மட்டும்தான் கலங்காமல் இருந்தார். "கேக்கலன்னா இன்னா இப்போ? எனக்குந்தான் பத்து வருசமா சரியா கேக்கல. நான் நெய்யல? நீங்க பேசறதுல கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். "அப்பா, நீங்க சும்மா இருங்க, பேஜாரு பண்ணாதீங்க" என்று அத்தை கத்தினார். அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நீ தூங்கிக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றும், இன்னும் நாள் இருக்கிறது, ஆறு மாதம் முடியட்டும் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். காதில் எதையும் ஊற்றக்கூடாது என்றும் சொன்னார். "வீட்ல குழந்தைகிட்ட நல்லா பேசிக்கிட்டிருங்க" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் பேசவில்லை. கேட்காத பிள்ளையிடம் பேசுவதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இன்னும் கூச்சமாகிவிட்டது.

அத்தையால் ஆறு மாதம் பொறுக்க முடியவில்லை. அவருக்குப் பிள்ளையில்லை. புருஷன் வீட்டில் வாழாமல் வந்தவர். உன்மேல் அவருக்கு உயிர். அந்த உயிர்தான் பேச்சில் கோபமாக வந்தது. ராட்டையைச் சுற்றிக்கொண்டே, ஏணைக்குப் பக்கத்திலேயே பேசுவார். "இவ வாய் தெறந்து பேசறாளா? ஊமைக்குப் பொறந்தது செவுடாதான் இருக்கும்." "மகளுக்குப் பிரசவம் பாக்க வேண்டிய நேரத்துல அவங்கம்மா தனக்குப் பெத்துகினு கெடந்தா. அந்தத் தோஷந்தான்." உனக்குத்தான் கேட்காதே என்று தாராளமாகப் பேசினார். எனக்குக் கேட்டது.

வந்தவாசிப் பக்கம் ஒருவர் பச்சிலைச் சாறும் எண்ணெயும் காய்ச்சிக் காதில் ஊற்றுவார், ஊற்றினால் அடைப்புத் திறக்கும் என்று யாரோ சொல்லி, அத்தை அவருக்கு ஆள் அனுப்பிவிட்டார். நான் உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், "டாக்டரம்மா எதையும் ஊத்தக்கூடாதுன்னாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க. ஒரு தபா ஊத்திப் பாக்கலாம். வேணான்னா அவங்க மனசு நோவும்." நான் உன்னை ஏணையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

காதில் ஊற்றுகிறவர் வியாழக்கிழமை காலையில் வந்தார். அத்தை அடுப்புப் பற்றவைத்தார். வந்தவர் சின்ன இரும்புக் கரண்டியில் பச்சையாக எதையோ காய்ச்ச ஆரம்பித்தார். கூடத்தில் மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நீ ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தாய். கரண்டியிலிருந்து புகை எழும்பியது. ஆறவைத்துத்தான் ஊற்றுவார் என்று அத்தை என்னிடம் சொன்னார்.

அப்போது தெருக்கோடி வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டார். நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை யாரும் தறியில் உட்காரக்கூடாது. சேதி ஒவ்வொரு வீடாக வந்தது. முதலில் தூரத்தில் ஏதோ குறைந்தது போல இருந்தது. பிறகு எதிர்வரிசையில் நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. யாரோ நம் வாசலில் தலையை நீட்டிச் சொன்னார்கள். கூலிக்கு நெய்பவர் நிறுத்தினார், உன் அப்பா நிறுத்தினார். உன் தாத்தாவுக்கு மட்டும் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய தறியும் நின்றது.

பகல் வெளிச்சத்தில், அமாவாசை இல்லாத ஒரு நாளில், நம் தெரு அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. அடுப்பில் எண்ணெய் பொரிவது கேட்டது.

நீ விழித்துக்கொண்டாய். யாரும் உன்னைத் தொடவில்லை, ஏணை ஆடவில்லை. இரண்டு கையையும் விரித்து உதறினாய். கண் பெரிதாகத் திறந்து இந்தப் பக்கம் தேடியது, அந்தப் பக்கம் தேடியது. உதடு பிதுங்கியது. அமாவாசையன்று அழும் அதே அழுகையை அழுதாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். அமாவாசைக்கும், விளக்கு வைக்கும் நேரத்துக்கும், என் அம்மா வீட்டுக்கும், இந்தச் சாவுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தது. எங்கேயும் தறி ஓடவில்லை.

"அடுப்புல எண்ணெ ஆயிடுச்சு, ஜல்தி புள்ளைய கொண்டாங்க. நானும் சாவு வூட்டு வழியா போவணும்" என்றார் அந்த ஆள்.

அத்தை ஏணைக்குக் கை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஊத்த வேணாம்" என்றேன். தறிச்சத்தத்தில் பேசிப் பழகாத என் குரல், அந்த அமைதியில் வாசல்வரை போனது. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா சொன்னே?"

"அவனுக்குக் கேக்குது அண்ணி. தறி நின்னது அவனுக்குக் கேட்டுது. அதான் அழுவுறான்."

அத்தை என்னை முறைத்தார். "நின்னது எப்பிடிடி கேக்கும்? ஓடறதுதானே கேக்கும்?"

எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. "அமாவாசைக்கு அழுவறானே, அந்தியில அழுவறானே" என்றேன். "தறி பக்கத்துல நின்னுகினு கிலுகிலுப்பைய ஆட்டினோமே அண்ணி. அது எனக்கே கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

உன் அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். "பொறுங்கக்கா. அவ சொல்றது ஞாயமாதான் கீது" என்றார். அக்காவுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

"அப்பிடின்னா கூப்புடு" என்றார் அத்தை. "பின்னால நின்னுகினு கூப்புடு. திரும்பட்டும். திரும்பினா அந்த எண்ணெய நான் அடுப்புலயே கொட்டிடறேன். திரும்பலன்னா வழிய வுடு."

நான் உன் தலைமாட்டுக்குப் போனேன். கூடத்தில் ஆண்கள், வாசலில் பெண்கள், அடுப்பருகே அந்த ஆள், எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றது போலவே இருந்தது. இங்கே எனக்காக வாசிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. நீ கத்திக்கொண்டிருந்தாய்.

"கண்ணு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கண்ணு, அம்மாடா. அம்மா இங்கதான் கீறேன். தறி நின்னுபோச்சா? பயந்துட்டியா? ஒன்னியும் இல்ல. ஓடும். அம்மா இங்கதான்டா கீறேன்."

அழுகை பாதியில் நின்றது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். நான் நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று தோன்றி, என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே பேசிக்கொண்டு போனேன். முதலில் உன் கண் மேலே வந்தது. பிறகு கன்னம் துணியில் தேய, மெல்ல, தலை திரும்பியது. என்னைக் கண்டுபிடித்தாய். இந்த முகத்துக்குக் குரலும் உண்டா என்று ஆச்சரியப்படுவது போல் வெகுநேரம் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய்.

"இன்னா ஆச்சு? இன்னா சொல்றா?" என்று உன் தாத்தா ஒவ்வொருவரிடமும் கேட்டார். அத்தை போய்க் கரண்டியை எடுத்தார். சொன்னபடி அடுப்பில் கொட்டினார். குப்பென்று எரிந்தது. அந்த ஆளுக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினார். பிறகு எல்லோரும் சாவு வீட்டுக்குப் போனார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் உன்னைக் கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறேன். அதற்காக எனக்குப் பயம் இல்லை. இப்போது நீ கவிழ்ந்துகொள்கிறாய், நிமிரத் தெரியாமல் கத்துகிறாய். தபால்காரரின் பெல்லுக்கு வாசலைப் பார்க்கிறாய், தறிக்கு நடுவிலேயே. சத்தத்துக்குள்ளிருந்து சத்தத்தைப் பிரித்தெடுக்க உனக்குக் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் தினமும் உன்னிடம் பேசுகிறேன். கூலிக்கு நெய்பவர் இருந்தாலும் பேசுகிறேன். குழம்பில் என்ன போட்டேன் என்று சொல்கிறேன். நீ பதில் சொல்லும்போது காதை உன் வாயருகே வைத்துக் கேட்கிறேன். பெரியவனானதும் உன் வீட்டுக்கு ஒரு பெண் வருவாள். அவள் பேசாமல் இருந்தால், அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. உன் வீட்டுச் சத்தம் எவ்வளவு என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம்.

அன்றைக்குச் சாவு வீட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும், ஈரத்தலையோடு அத்தை நேராக ஏணைக்கு வந்தார். நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காது கேட்கும் தூரத்தில் நான் இல்லை என்று நினைத்துவிட்டார். ஏணையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெல்லிய குரலில் உன்னிடம் கேட்டார், தறி ஓடாததால் பின்கட்டுவரை கேட்டது.

"ஏண்டா, அப்போ இத்தினி நாளா நான் பேசினதெல்லாம் கேட்டுகினா கெடந்தே?"

நீ 'ங்கா' என்றாய்.

"உங்கம்மாவ ஊமைன்னேனே, அதுவுமா? உங்கம்மாவப் பெத்த ஆயாவ சொன்னேனே, அதுவுமா?" அத்தை முந்தானையால் உன் வாயைத் துடைத்தார். "மனசுல வெச்சுக்காதடா. இனிமே சொல்லமாட்டேன்."

சொல்வதில்லை. ஏணைக்குப் பக்கத்தில் என்னைப் பற்றி ஏதாவது பேச வாயெடுத்தால், அத்தை முதலில் உன் முகத்தைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, ராட்டையைச் சுற்றுகிறார்.